மேஜையில் விழுந்த ஐந்து தட்டு

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்கில் நோயாளிகளைக் கூப்பிடும் இந்த வேலைக்கு முன்னால் அங்கேயே துணி துவைக்கும் பிரிவில் இருந்தாள். ப்ளீச்சிங் தண்ணீர் பட்டுப் பட்டு விரல் தோலெல்லாம் உரிந்து, சோற்றில் கை வைத்தால் உயிர் போகும். மைக்கில் பேசுகிறவள் வேலையை விட்டபோது, குரல் நன்றாயிருக்கிறதே என்று இவளை உட்கார வைத்தார்கள். சரிப்பட்டு வந்தால் இதே நாற்காலி, இல்லாவிட்டால் பழையபடி துணிதான் என்று மேனேஜர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டு வெளியூர் போனார்.

குரல் இருந்து என்ன, வாயில் நுழைய வேண்டாமா? கண்ணுக்கு ஆஃப்தால்மாலஜி. வயிற்றுக்கு கேஸ்ட்ரோஎன்டராலஜி. கண், வயிறு என்று சொன்னால் குடியா முழுகிவிடும்? ஆனால் மேனேஜருக்கு இங்கிலீஷில்தான் கூப்பிட வேண்டும்.

வீட்டில் பீன்ஸ் நறுக்கும்போது வழி கிடைத்தது. ஒரு வெட்டுக்கு வார்த்தையில் ஒரு துண்டு. ஆஃப், தால், மா, ல, ஜி. நடுவில் வரும் 'மா'வுக்கு மட்டும் கத்தியை ஓங்கிப் போட்டாள். குரல் அங்கேதான் ஏற வேண்டும்.

"நீ நறுக்குற பீன்ஸ் இன்னும் கொஞ்ச நாள்ல ஊசி போட ஆரம்பிச்சிடும்," என்றான் கணவன்.

"வாயை மூடிட்டு வெங்காயத்தை உரிங்க. ஏழு துண்டு வார்த்தை இன்னும் பாக்கி இருக்கு."

மைக் முன்னால் கத்திக்கு எங்கே போவது? விரல் முட்டியால் மேஜையைத் தட்டினாள், வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. மைக்கும் அதே மேஜையில்தான் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துபோனாள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்த மேனேஜர், ஸ்பீக்கரில் அந்தத் தட்டலைக் கேட்டுக் குதி குதி என்று குதித்தார்.

"இது ஆஸ்பத்திரியா, தச்சுப் பட்டறையா? நாளைக்கு நான் பக்கத்துலயே நிப்பேன். ஒரு தட்டு கேட்டுச்சு, நேரா துணி துவைக்கப் போயிடுங்க."

மறுநாள் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆஃப்தால்மாலஜி, உள்ளே வரலாம்."

ஒரு பிசிறில்லை. மேனேஜர்கூடத் தலையாட்டினார். ஆனால் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த வரிசையில் ஓர் ஆள்கூட அசையவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். ஊஹும். உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "என்ன, ஒருத்தரையும் காணோம்?" என்றார்.

மேனேஜர் வரிசைக்குப் போனார். "கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்துச்சுங்க," என்றார் ஓரத்திலிருந்த பெரியவர். "அந்தப் பேரெல்லாம் எங்களுக்கு எங்கங்க புரியுது? கட்டுப் போட்ட கண்ணுக்குப் போர்டும் தெரியாது. அஞ்சு தட்டு தட்டினா எங்களை, ஏழு தட்டினா வயித்துக்காரங்களை. இன்னைக்குத்தான் அந்தப் பொண்ணு தட்டவே இல்லையே?"

மேனேஜர் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மைக்கை அவள் பக்கமாக நகர்த்தினார்.

"தட்டித் தொலைங்க."

கையை வெளியே எடுத்தாள். மரத்துப்போயிருந்தது. அழுகையும் சிரிப்புமாக வந்ததை விழுங்கிக்கொண்டு தட்டினாள், 'மா'வுக்குக் கொஞ்சம் பலமாகவே. ஐந்தோடு கை நின்றதும் வரிசை முழுக்க எழுந்தது.

இனிப் பழகிப் பார்க்க அவளுக்கு வார்த்தை எதுவும் பாக்கியில்லை; அன்று சாயங்காலம் பீன்ஸை அவள் கணவன்தான் நறுக்கினான்.