அம்மாவின் சாட்சியும் டாக்டரின் தாளும்

எங்கள் அம்மா சாட்சி சொல்ல எழுந்தால் மண்ணூர் ஜெபக்கூட்டத்தில் தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். கதை என் தங்கையுடையது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை, மேலண்ணத்தில் பிளவு, டாக்டர்கள் கைவிரித்தார்கள், அம்மா முழங்காலில் நின்றாள், பிள்ளை கண் திறந்து சிரித்தது. வருஷத்துக்கு வருஷம் கதை மெருகேறியது. முதலில் ஒரு வாரமாக இருந்த ஆஸ்பத்திரி வாசம் மூன்று நாளாகி, கடைசியில் ஒரே ராத்திரியில் முடிந்தது. நான் ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றவள். எங்கள் சூப்பர்வைசர்கூட ஒரு வேலைக்குக் கொடுக்கும் நேரத்தை இந்த வேகத்தில் குறைத்ததில்லை.

2012இல் தங்கைக்குப் பதினான்கு வயது. திடீரென்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள். எங்கள் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்களாம்.

"ஷிப்ட் முடிஞ்சு வர்றவளுக்கு வாயத் தொறக்கவே தெம்பு கெடையாதுடி, உன்னப் பத்தி எங்க பேசுறது?" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இதயத்தைப் பார்த்துவந்த டாக்டர் ரத்தத்தைச் சோதித்தார். குரோமோசோம் ஒன்றில் பிறவியிலேயே சின்னத் துண்டு இல்லை என்றார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வளரும் வயதில் மனநோய் வரக்கூடும், தள்ளிப்போடாமல் காட்டுங்கள் என்று சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே இருந்த பெண் டாக்டரின் கையில் நீளமான தாள். "சின்ன வயசுல நடந்த எல்லாத்தையும் மறைக்காம சொல்லுங்கம்மா. அதை வச்சுத்தான் பாப்பாவுக்கு என்ன மருந்து, எவ்வளவு கவனமா பாத்துக்கணும்னு முடிவு பண்ணுவேன்" என்றார்.

யாரிடம் போய் மறைக்காமல் சொல்லச் சொல்கிறார்! அம்மா தொண்டையைச் செருமி, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள். சாட்சி ஆரம்பமாகிவிட்டது.

"ஆஸ்பத்திரில எத்தனை நாள் இருந்தா?"

"ஒரே ராத்திரிதான் டாக்டர். கர்த்தர் கைவுடல."

"வலிப்பு வந்திருக்கா?"

"சீச்சீ, அதெல்லாம் இல்ல. தோத்திரம்."

"எப்போ பேச ஆரம்பிச்சா?"

"ஒரு வயசுலயே அல்லேலூயா சொல்லிச்சு."

நாலு வயது வரை 'ம்' என்பதைத் தவிர வேறு பேச்சில்லாத பிள்ளை! டாக்டரும், பாவம், எழுதிக்கொண்டே போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். அம்மா தோட்டத்தையே மறைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே விழுந்தேன். கைக்குழந்தையிலேயே ஆபரேஷன் நடந்ததையும், வலிப்பு மூன்று தடவை வந்ததையும், நாலு வயதில்தான் பேசினாள் என்பதையும், மூக்கால் பேசுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அழவைத்ததையும் கடகடவென்று கொட்டினேன். அம்மா மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளக் கிள்ள நான் வேகமாகச் சொன்னேன்.

டாக்டர் தங்கையின் பக்கம் திரும்பினார். "உன்னை யாரு கிண்டல் பண்ணது?"

தங்கை என்னைக் காட்டினாள். "இவதான் மொதல்ல. சண்டே கிளாஸ்ல என்ன மாரியே பேசிக் காட்டுவா. எல்லாம் சிரிப்பாங்க."

உண்மைதான். நன்றாகவே செய்வேன். இன்னொரு தடவை செய் என்று கேட்பார்கள், செய்வேன். இத்தனை நேரம் உண்மை விளம்பியாக முழங்கியவளுக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

"என்னாலதான் இப்டி ஆச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒண்ணால மட்டும் வர்றதில்லம்மா. பிறவியில இருக்கிறது, ஆபரேஷன், வலிப்பு, கிண்டல், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சேரும். நடந்ததை மாத்த முடியாது. தெரிஞ்சாத்தான் இனிமே பாத்துக்க முடியும்" என்றவர், எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். "முதல்லேர்ந்து வருவோம். ஆஸ்பத்திரில எத்தனை நாள்?"

அது எனக்கும் தெரியாது. அப்போது எனக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அம்மாவைப் பார்த்தேன்.

"நாப்பத்தியோரு நாளு" என்றாள். "ஒரு நாள்கூட என்ன உள்ள வுடல. கண்ணாடி வழியா பாத்துகினே நின்னேன். வூட்டுக்கு வந்தப்புறம் நான் தூக்குனாலே அழுவா. நான் யாருன்னே அதுக்குத் தெரில டாக்டர்."