தம்பி கையால் வந்த வீடு

ஜாம்நகரில் சுங்குடி போன்ற பாந்தனிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுப் பிழைக்கும் பாருலுக்குத் தன் பழைய வீட்டைக் கொடுக்க லீலா அத்தை முடிவு செய்தாள். அங்கே குஜராத்தில் அத்தை மகனும் உடன்பிறப்புதான். அக்காளுக்குத் தம்பி கையால் கொடுப்பதே கௌரவம் என்று, அத்தை வீட்டை முதலில் தன் மகன் மெகுல் பெயருக்கு எழுதினாள். ராக்கி முடிந்த மறுநாள் அவன் அதைப் பாருலுக்குத் தானமாகப் பதிவு செய்தான்.

மறு வருஷம் மூவரும் ஆடிட்டர் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தை மகன் வரிச் சட்டப்படி சொந்தம் இல்ல பாருல் பென். வீட்டோட மதிப்பு முழுக்க உங்க வருமானமாத்தான் கணக்கு. வரி கட்டணும்."

"சின்ன வயசுலேர்ந்து இவன் கையில ராக்கி கட்டறேனே, பாய்!" என்றாள் பாருல்.

"கயிறெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது. அத்தை சொந்தம்தான், அவங்களே நேரா குடுத்திருந்தா ஒரு பைசா வரி இல்ல."

அத்தை பதறினாள். "அப்ப நான் திருப்பி வாங்கிக்கிறேன். நானே குடுக்கறேன்."

"பதிவு போன வருஷமே ஆயிடுச்சு மாஜி. இப்ப மாத்தினாலும் அந்த வரி போகாது."

"வித்துக் கட்டிடலாமா அக்கா?" என்றான் மெகுல்.

"வித்துட்டு எங்கடா குடியிருக்க? உன் மணிக்கட்டுலயா?"

வரி கட்ட வழியில்லாமல் பாருல் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அத்தையிடமும் மெகுலிடமும் நீட்டினாள். வாங்கிக்கொள்ள இருவருமே கை நீட்டவில்லை.