"கேட்டுட்டு வரேன்" என்ற அஞ்சலை அக்கா

அஞ்சலை அக்கா காலமான செய்தி போன வாரம் நம் ஆறாங்கட்டைத் தோட்டத்துப் பழைய ஆட்களின் வாட்சப் குழுவில் வந்தது. ஒரு நிமிடத்துக்குள் பத்துப் பேர் கும்பிடு போட்டுவிட்டார்கள். அக்கா இருந்திருந்தால், "படிச்சிட்டுத்தான் கும்பிட்டீங்களா, இல்ல சும்மா கையத் தூக்கினீங்களா?" என்று கேட்டிருப்பார். அப்படிக் கேட்டுக் கேட்டே என் மானத்தை வாங்கியவர் அவர். அந்தக் கதையை உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அக்கா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினார். இன்டர்நெட் அப்போதுதான் நம் புக்கிட் பெலண்டோக் பக்கம் எட்டிப் பார்த்தது. சிரம்பான் டவுனில் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து தோட்டத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் லைனும் கொடுத்து, அதை நிர்வகிக்கக் குழுவும் அமைத்தார்கள். தலைவர் ஒரு டாக்டர். அப்புறம் ஒரு வக்கீல், ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர். சாதாரண ஜனங்களின் குரலும் ஒலிக்க வேண்டுமே என்று 'பயனர் பிரதிநிதி' என்று ஒரு நாற்காலி. அதில் நான்! அந்தக் கம்ப்யூட்டரை நான் தொட்டதெல்லாம் தூசி தட்டத்தான். ஓராண்டு முழுக்க, எது கேட்டாலும் "பயனர்கள் சம்மதம்" என்று சொல்லி, கறிபாப் தின்றுவிட்டுத் திரும்பினேன். கம்ப்யூட்டர் இருந்த ஹாலைக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை திறப்பது என்று முடிவானதும் என் சம்மதத்தில்தான். சாவி என்னிடம் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு எனக்குப் பசிக்கும்.

பிறகு, பெண் பிரதிநிதி ஒருவரும் வேண்டும் என்று கடிதம் வந்தது. ஆட்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். முதல் பெயர் அஞ்சலை. அடுத்த பக்கம் புரட்டச் சோம்பல் பட்டு அதையே எழுதி அனுப்பினேன்.

"சார், அங்க போயி நான் என்னா பேசணும்?"

"பயனருங்க சார்பா பேசணும்க்கா."

"அவங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே லா?"

மறுநாள் விடியற்காலை. வேலைக்குக் கிளம்புமுன் எல்லோரும் வரிசையில் நிற்கும் பெரட்டில், வேலை வாங்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டு முடித்ததும், அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். "கம்ப்யூட்டர் மீட்டிங்குல என்னா சொல்லணும்? சொல்லுங்க!" சொன்னார்களே! கோயில் பக்கத்துப் பைப்பில் தண்ணீர் வரவில்லை. லயத்து வீடுகளில் எவனோ கோழி திருடுகிறான். மண்டோர் ரொம்பக் கத்துகிறார். அத்தனையையும் அக்கா கூட்டத்தில் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"அம்மா, இது இன்டர்நெட் கூட்டம்" என்றார் டாக்டர்.

"தெரியுது டாக்டர். ஆனா அவங்க சொன்னது இதான். நான் பாத்துப் பொறுக்கிச் சொன்னா, அது என் பேச்சா ஆயிடாதா?"

கோழித் திருட்டு வரை கூட்டக் குறிப்பில் ஏறியது. நான் கறிபாப்பை மறந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. ஆறாங்கட்டையில் யாரும் கம்ப்யூட்டர் பக்கம் வருவதில்லை, மக்களுக்கு ஆர்வமில்லை, ஆகவே அதைச் சிரம்பானை ஒட்டிய தெமியாங்குக்கு மாற்றிவிடலாம் என்று அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் வந்தது. ஆர்வம் இல்லையாம்! அக்காவோடு மரம் வெட்டிய லெட்சுமியின் ஒரே மகன் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். அவன் எழுதுவதெல்லாம் ஈமெயிலில்தான். பால் நிறுத்து முடித்து அவள் ஓடி வரும்போது மணி இரண்டாகியிருக்கும், கதவில் பூட்டு தொங்கும். கடிதம் வந்திருக்கிறதா என்று ஜன்னல் கண்ணாடி வழியே கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் போவாள். எதிரே ஆபீஸில் உட்கார்ந்தபடி நான் அதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

கூட்டத்தன்று அக்கா ஒரு லாரி நிறைய ஆட்களோடு சிரம்பானுக்கு வந்து இறங்கினார். உறுப்பினர்கள் மட்டும்தான் மேலே வரலாம் என்றார் வக்கீல். "சரிங்க சார்" என்று அக்காவும் அடக்கமாக ஏறி வந்தார். டாக்டர் முதல் கேள்வியைக் கேட்டதுதான் தாமதம், "இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தார். இரண்டு மாடி இறங்கி, லாரியில் கேட்டு, இரண்டு மாடி ஏறி வந்து பதில் சொன்னார். அடுத்த கேள்விக்கும் அப்படியே. நான்காவது முறை அவர் மூச்சு வாங்க வந்து நின்றபோது டாக்டரே நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் பயனர் பிரதிநிதிதானே? சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

"பயனர்கள் சம்ம..."

"சார், நீங்க யாரக் கேட்டீங்க?" என்றார் அக்கா.

கோபமே இல்லாமல்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து படியிறங்கினேன். லாரியில் லெட்சுமி முன்னால் நின்றாள். அவளிடம் வாய் திறந்து கேட்டேன். "எடுத்துட்டுப் போயிடாதீங்க சார். மூணு மணிக்குத் தொறந்தா போதும்" என்றாள். மேலே போய் அதைத்தான் சொன்னேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்பது பயனர்களின் சம்மதமல்ல, என் பசி என்பதையும் சொன்னேன். கம்ப்யூட்டர் தோட்டத்திலேயே இருந்தது. மூன்று மணிக்கு நானே கதவைத் திறந்தேன்.

இப்போது நான் குடியிருக்கும் மம்பாவில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் யாராவது "எல்லாருக்கும் சம்மதம்" என்றால் என் கால் தானாகப் படியிறங்கப் பார்க்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கால்தான்.

இந்த அஞ்சலியை 'நம் அனைவர் சார்பிலும்' என்றுதான் ஆரம்பித்திருந்தேன். எழுதியதை உடனே அடித்துவிட்டேன். உங்களில் ஒருவரையும் நான் கேட்கவில்லை. ஆகவே என் ஒருவன் சார்பில் மட்டும் சொல்கிறேன்: அக்கா, நீங்கள் போனதில் எனக்குச் சம்மதமில்லை.