ரெனார்ட் டில்மனின் இடது பாதம்

லவெல் மேப்ஸை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போனவள் நான். இந்தியானா மாநிலத்தின் கேரி நகரத்தில் நோயாளிகளுக்கான வேன் ஓட்டுவது என் பிழைப்பு. ஆறடி ஒன்பது அங்குல ஆளைப் பின்சீட்டில் மடக்கி வைக்க முடியாது. அதனால் முன்சீட்டைக் கடைசிவரை தள்ளி அதில் உட்கார வைப்பேன். பள்ளியில் ஒரே வகுப்பு என்பதால் எங்களுக்குள் மரியாதையெல்லாம் கிடையாது.

"மேல குளிரு எப்படி இருக்கு, லவெல்?"

"பரவால்ல. உன் வாய்தான் இங்க வரைக்கும் கேக்குது. வண்டிய எடு, எர்னி."

அவன் அப்பாவுக்கு எஃகு ஆலையில் வேலை. எங்கள் தெருவில் எல்லார் அப்பாவுக்கும் அங்கேதான். ஆலை ஆட்களைக் கழித்துவிடத் தொடங்கியபோது லவெல் கல்லூரியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டான்.

பன்னிரண்டு வருடம், மூன்று அணிகள். அவன் பெயரை யாரும் சட்டை முதுகில் அச்சடித்துப் போட்டுக்கொண்டதில்லை. கூடைக்குக் கீழே நின்று எதிரணியின் பெரிய உடம்புகளை மறிப்பதும், முழங்கையால் இடி வாங்குவதும், தவறி வரும் பந்தை எகிறிப் பிடித்து மற்றவனிடம் கொடுப்பதும்தான் அவன் வேலை. கைதட்டல் அந்த மற்றவனுக்கு. இருபத்தாறு வயதில் இரண்டு முழங்காலும் போயிற்று. ஆட்டத்துக்கு முன்னால் அணி வைத்தியர் ஊசியோடு வருவார்.

"அந்த ஆளு எங்க வலிக்குதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல எர்னி. ஆடுவியான்னு மட்டும்தான் கேப்பாரு" என்று ஒருமுறை சொன்னான்.

"நீ என்ன சொல்லுவ?"

"ஆடுறேன்னுதான். முடியாதுன்னு சொன்னா என் எடத்துக்கு வர வெளிய இருநூறு பேரு நிக்கிறானே."

ஊசி போதாத நாட்களில் வலி மாத்திரை. காலையில் நாலு, ஆட்டத்துக்கு முன் நாலு, தூங்க இரண்டு. முழங்காலுக்காக விழுங்கியது சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. முப்பத்து மூன்று வயதில் அணி அவனைப் போனிலேயே விலக்கியது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அட்லாண்டா போனாள். அவன் கேரிக்குத் திரும்பி, பள்ளி விளையாட்டுக்கூடத்தின் சாவியை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டினான். ஐம்பத்து மூன்றில் காலெல்லாம் வீங்கி விழுந்தபோது, இரண்டு சிறுநீரகமும் செத்துவிட்டது என்றார்கள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தான். நாலாவது வருடம் இதயமும் பலவீனம் என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அதைச் சொன்ன அன்று வேனில் ஏறி, வெகுநேரம் ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க அவனுக்கு அளவு உண்டு.

"ஞாயித்துக்கிழம உனக்கு வேலை இருக்கா?"

"சர்ச்சு இருக்கு. ஏன்?"

"டொலீடோவுக்குக் கூட்டிட்டுப் போ. ரெனார்ட் டில்மன்னு ஒருத்தன். அவனப் பாக்கணும்."

டொலீடோ பக்கத்து மாநிலத்தில். போகும் வழியில்தான் கதையைச் சொன்னான். எண்பத்தொன்பதாம் வருடம் ரெனார்ட் அணிக்குப் புதிது, இருபத்திரண்டு வயது. லவெல்லின் இடத்துக்காகவே எடுக்கப்பட்டவன். லவெல்லோ அவனைத் தம்பி போலக் கூடவே வைத்துக்கொண்டான். போட்டிப் பருவத்தின் கடைசியில் ரெனார்டுக்கு இடது பாதத்தில் வலி. எலும்பில் மெல்லிய விரிசல், ஆடக்கூடாது என்று வெளி வைத்தியர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். தோற்றால் அத்தோடு வெளியேறும் ஆட்டம் மறுநாள். பயிற்சியாளர் லவெல்லைக் கூப்பிட்டு, "அவன் உன் பேச்சக் கேப்பான்" என்றார்.

லவெல் பேசினான். ரெனார்ட் ஊசி போட்டுக்கொண்டு ஆடினான். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் எகிறி இறங்கியபோது பாதம் உடைந்தது. பன்னிரண்டாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தும் பத்தடி தள்ளி நின்ற லவெல்லுக்கு அந்தச் சத்தம் கேட்டதாம். ரெனார்ட் அதன்பின் ஆடவே இல்லை.

டொலீடோவில் பனி பெய்து நின்றிருந்தது. ரெனார்டே கதவைத் திறந்தான். ஊன்றுகோலை ஊன்றி நின்றான். இடது முழங்காலுக்குக் கீழே கால்சட்டை மடித்துக் குத்தியிருந்தது. வருடக்கணக்கில் அறுவை மேல் அறுவை செய்து, புண் ஆறாமல், கடைசியில் காலை எடுத்துவிட்டார்கள். லாரி கம்பெனி ஒன்றில் உட்கார்ந்து போன் எடுக்கும் வேலை. லவெல்லின் ஒடுங்கிய முகத்தையும், கையில் டயாலிசிஸ் ஊசிக்காகப் புடைத்திருந்த நரம்பையும் பார்த்தான்.

"சாகப் போறியா அண்ணே?"

"ஆமா."

"அதான் வந்துட்ட. உள்ள வா. அந்தம்மாவும் வரட்டும்."

காபி கொடுத்தான். லவெல் தொடவில்லை. கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, "மன்னிச்சிருன்னு கேக்க வந்தேன்" என்றான்.

ரெனார்ட் தோளைக் குலுக்கினான். "அத நான் எப்பவோ விட்டுட்டேன். நீ என்ன பண்ணுவ? கோச்சு சொல்லச் சொன்னாரு. நெசமாவே அது சின்ன வலின்னு நீ நம்பின. நீயும் அப்படித்தான ஆடின. எம்பொண்டாட்டி உன்னத் திட்டும்போதெல்லாம், அவரு எனக்கு நல்லதுதான் நெனச்சாருன்னு நான்தான் சொல்லுவேன்."

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். நான் லவெல்லின் சட்டையைக்கூட லேசாக இழுத்தேன்.

"இல்ல ரெனார்ட்," என்றான் லவெல். "நான் நம்பல. உன் காலு போயிரும்னு எனக்குத் தெரியும். அந்தச் சீட்ட நீ காட்டினப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"நீ ஆடலன்னா முழு ஆட்டமும் நான் நிக்கணும். என் முழங்காலு பத்து நிமிஷம் தாங்காது. எல்லாரும் பாத்துட்டா அத்தோட என்னைத் தூக்கிருவாங்க. உன்ன ஆட வச்சா இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டலாம்னு நெனச்சேன். ஓட்டினேன்."

ரெனார்டின் கை ஊன்றுகோலைத் தேடியது, கிடைத்தும் எழுந்திருக்கவில்லை.

"இருபத்தெட்டு வருஷம்," என்றான் மெதுவாக. "என்கிட்ட அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. உனக்கு எம்மேல பாசம்னு. அதையும் எடுத்துட்டுப் போறியே. சொல்லாமயே செத்திருக்கக் கூடாதா?"

"பொய்ய வச்சுக்கிட்டு நீ என்னை மன்னிக்கிறத என்னால..."

"உனக்காகத்தான் வந்திருக்க. அன்னிக்கும் உனக்காகத்தான். எந்திரி. போ."

லவெல்லால் தாழ்ந்த சோபாவிலிருந்து தானாக எழ முடியவில்லை. நான் ஒரு பக்கம் தூக்கினேன், அவன் சரிந்தான். ஒரு கணம் ரெனார்டின் கை நீண்டது. பிறகு அதைத் தொடையில் வைத்துக்கொண்டான். கதவருகே நான் என் போன் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியாது.

முழு இந்தியானாவையும் கடந்து கேரிக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது, "தப்பு பண்ணிட்டேனா எர்னி?" என்று கேட்டான்.

"எதச் சொல்ற? அப்பவா, இப்பவா?"

அவன் வாசற்படியைப் பார்த்து நடந்தான். ஆறுதல் சொல்ல நான் பின்னால் போகவில்லை. எனக்கும் அன்று அவன்மேல் கோபம்.

மார்ச் மாதம் டயாலிசிஸ் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டான். அழைத்துப் போக வாசலில் ஹாரன் அடித்தேன். கதவைத் திறந்து, போ என்று கையை ஆட்டினான். மறுநாளும் போய் அடித்தேன். அதற்குமேல் வேனை விட்டுவிட்டு வேலை முடிந்து நடந்து போக ஆரம்பித்தேன். அட்லாண்டாவிலிருந்து மகள் வந்து சேர்ந்தாள். பன்னிரண்டு நாள் கிடந்தான். உடம்பெல்லாம் அரிப்பு, மூச்சுக்குத் திணறல். அந்த நீளத்துக்குக் கட்டில் போதாமல், காலுக்கு அடியில் சமையலறை நாற்காலியைப் போட்டிருந்தாள் மகள்.

அடக்கத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். ரெனார்ட் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மதிய நேரத்தில், வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. டொலீடோ எண்.

"போயிட்டாராமே."

"ஆமா."

"கஷ்டப்பட்டாரா?"

மழுப்ப நினைத்தேன். வாய் வரவில்லை. "ரொம்ப," என்றேன். "கடைசி அஞ்சு நாளு தூக்கமே இல்ல."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. சிறிது நேரத்தில் அவன் அழுவது கேட்டது. வேனை ஓரமாக நிறுத்தி, அவன் நிறுத்தும் வரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.