பால் வண்டியில் ஏறாத ஜெயசுதா

ஜெயசுதாக்காவை "ரொம்ப சாதுங்க" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அவருடைய ஸ்டேப்ளரைக் கேட்காமல் எடுத்துப் பாருங்கள், சாதுவா சண்டியரா என்று அப்போது தெரியும். திருடுபோகாமல் இருக்க அதில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார். மதியம் சாப்பிட்டதும் ஃபைலின் மேல் தலையைச் சாய்த்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார். அந்த நேரத்தில் முதலாளியே வந்தாலும் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் ஆபீஸ் முழுக்க அக்கா குரல்தான். மெயில் அடிப்பதுகூட வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான்.

நான் பக்கத்து மேஜை. பெயர் அந்தோணிராஜ், கணக்குப் பிரிவு. சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்து, இந்த அம்மாள் போடும் கூச்சலுக்கு நடுவிலேயே தலை நரைத்தவன். அதனால் இவரைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு.

எங்கள் கம்பெனி அனுப்பர்பாளையம் பக்கம் இருக்கிறது. பனியன் ஏற்றுமதி. கீழே தையல், மேலே ஆபீஸ். அக்கா மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் வாங்குகிறவருக்கும் இங்கே தைக்கிறவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை அது. நல்லூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டாவது முடித்த கையோடு இதே கம்பெனியில் கீழே செக்கிங் டேபிளில் சேர்ந்து, நின்றுகொண்டே நூல் பிசிறு வெட்டி, தபாலில் பி.காம். படித்து மேலே வந்தார். மேலே வந்த பிறகு கீழே இருப்பவர்களைத் தெரியாதது போலப் போகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அக்கா அந்த ரகம் இல்லை. "கந்தப்பண்ணா, பாப்பாவுக்குக் காச்சல் நின்னுச்சுங்களா?" என்று கேட்காமல் ஓவர்லாக் டெய்லர் கந்தப்பனிடம் சாம்பிள் பேச்சை எடுக்க மாட்டார்.

எங்கள் மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆயுத பூஜை அன்று, பொரியும் கையுமாக எல்லாரும் நிற்கும்போது முதலாளி லிங்கசாமி சொன்னார்: "இந்த ஜெர்மனி ஆர்டர் நல்லபடியா கப்பல் ஏறட்டுங்க அம்மிணி. மேனேஜர் சீட்டு உங்களுக்குத்தான்."

அக்கா சும்மா இருப்பாரா? அது நடக்கிற காரியமா! மறுநாள் சிவன்மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்து, எங்கள் எல்லார் நெற்றியிலும் திருநீறு பூசினார். வேதக்காரன் என்று பார்க்காமல் எனக்கும்தான். வெளியிலிருந்து வந்த மேனேஜர்கள் எத்தனையோ பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்து அலுத்தவர். அந்த நாற்காலி வேண்டும் என்பதை அவர் ஒளிக்கவே இல்லை. "ஆசைதானுங்க அந்தோணி. ஆசப்படறதுல என்ன தப்பு?" என்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் போராட்டம் வந்தது. கூலி ஒப்பந்தம் முடிந்து, பேச்சுவார்த்தை சவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துக்கொண்டே போக, சங்கங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஊரையே மறிக்கப் போவதாக அறிவித்துவிட்டன. பஸ் ஓடாது, கடை திறக்காது. எங்கள் தையல் தளத்து ஆட்கள் மொத்தமும் ரோட்டில்தான். ஆபீஸில் இருக்கிற நாங்கள் 'ஸ்டாஃப்'. சங்கத்திலும் சேர்த்தி இல்லை, முதலாளி வர்க்கத்திலும் சேர்த்தி இல்லை. போராட்டம் என்றால் மற்றவர்களுக்கு வேலை நிறுத்தம், எங்களுக்கு வேலைக்குப் போவது எப்படி என்கிற தலைவலி.

சோதனையாக, அதே நாளில்தான் ஜெர்மனி ஆர்டருக்கு இன்ஸ்பெக்ஷன். வாங்குகிற கம்பெனி அனுப்பும் ஆள் வந்து, அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் சரக்கு வாசலைத் தாண்டும்.

இந்த மாதிரி நாட்களில் எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பைப் பார்க்க வேண்டும். வர முடியாது என்று முதலில் எழுதுகிறவன் கெட்டவன் ஆகிவிடுவான் என்பதால் எல்லாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருப்போம். பூனைக்கு யார் மணி கட்டுவது? கடைசியில் அக்காவிடமிருந்து "வந்துட்டேனுங்க" என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான், கதை முடிந்தது. நல்லூரிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து அந்த அம்மாளே வந்து உட்கார்ந்துவிட்டால், அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு லீவு கேட்பது? மழைக்கும் பந்த்துக்கும் லீவே போடாத மனுஷி. மனசுக்குள் எத்தனை தடவை அவரைச் சபித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பியிருக்கிறேன்!

போராட்டத்துக்கு முந்தின நாள் சாயந்தரம் முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். பக்கத்தில் அவருடன் பிறந்த அக்காவின் மகன் நித்தீஷ். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, தொழில் பழக வந்திருந்த பையன்.

"நாளைக்குக் கம்பெனி வேன் ஊட்டுக்கே வந்துருமுங்க. ஆரும் வெசனப்பட வேண்டாம்" என்றார் முதலாளி.

"முன்னாடி கண்ணாடில 'பால்'னு பெருசா எழுதி ஒட்டீரலாம். பால் வண்டிய யாரும் மறிக்க மாட்டாங்க" என்றான் நித்தீஷ். யோசனை அவனுடையதுதான், முகத்திலேயே தெரிந்தது.

சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கிருத்திகாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருத்திகா புதிதாகச் சேர்ந்த பெண், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளும் நல்லூர்தான். முகம் வெளிறிப் போய் நின்றவள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க ஏறுனா நானும் ஏறிக்கறனுங்க."

அந்த ஒரு பேச்சு அக்காவை எங்கேயோ தைத்துவிட்டது. முதலாளியிடம் திரும்பினார்.

"வேனு வேண்டாங்க. வழியில நிறுத்திக் கதவத் தொறந்தா அங்க ஆருங்க நிப்பாங்க? நம்ம கந்தப்பண்ணன் நிப்பாரு. பாலுக்குப் பதிலா நம்ம மூஞ்சியப் பாத்தா அவரு கருங்காலின்னு திட்டவும் மாட்டாரு, கல்லெடுத்து அடிக்கவும் மாட்டாரு. தலையக் குனிஞ்சுக்குவாருங்க. அதைய என்னால பாக்க முடியாதுங்க."

"அப்ப இன்ஸ்பெக்ஷனுங்க?"

"ஒரு நாள் தள்ளி வெக்கச் சொல்லிக் கேக்கலாங்க."

"ஆருகிட்ட? பையர்கிட்டயா?"

பையர் என்றால் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. கரண்ட் போனாலும், சாயப்பட்டறையை இழுத்து மூடினாலும், மெஷின் வெள்ளத்தில் நின்றாலும் பையருக்கு மட்டும் "நோ பிராப்ளம்" என்று மெயில் போய்விடும். கஷ்டத்தைச் சொன்னால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் பறந்துவிடும் என்று பயம். சாமியிடம்கூட இப்படிப் பயப்பட மாட்டார்கள்.

"அதெல்லாம் வேண்டாங்க. நாளைக்கு எல்லாரும் வந்துருங்க" என்று முடித்துவிட்டு முதலாளி கிளம்பிப் போனார். கோபமே இல்லாத குரல். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா நேராகத் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பையருக்கு மெயில் அடிக்க ஆரம்பித்தார், வழக்கம்போல வாய்விட்டு. நாளைக்கு எங்கள் ஊரில் பெரிய போராட்டம், எங்கள் ஆட்கள் ரோட்டில் வர வேண்டாம் என்று நினைக்கிறேன், இன்ஸ்பெக்ஷனை அடுத்த நாள் வைத்துக்கொள்ள முடியுமா.

"ஏக்கா, மேனேஜர் சீட்டு போயிரும்லா!" என்றேன்.

"தெரியும் அந்தோணி. வாய மூடுங்க, ஸ்பெல்லிங் தப்பாப் போயிரும்."

மெயில் போனது. பிறகு போனை எடுத்து, குரூப்பில் அடித்தார்: "நாளைக்கு நான் வரலீங்க." ஏங்கி ஏங்கிக் காத்திருந்த நாற்காலியைத் தன் கையாலேயே தள்ளிவிடுகிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த நிமிஷமே கிருத்திகா "நானும் வரலீங்க" என்று போட்டாள். அப்புறம் மடை திறந்துகொண்டது. எனக்கும் தைரியம் வந்துவிட்டது, பாருங்கள்!

வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பையரிடமிருந்து பதில் வந்தது. தாராளமாக அடுத்த நாள் வைத்துக்கொள்ளுங்கள், பத்திரமாக இருங்கள், எங்கள் ஊரிலும் இந்த வாரம் ரயில்காரர்கள் வேலை நிறுத்தம்தான் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். இவ்வளவுதானா! இதற்காகவா ஊரே இத்தனை காலம் நடுங்கியது!

மறுநாள் நாங்கள் எல்லாரும் வீட்டில் இருந்தோம். நித்தீஷ் மட்டும் பால் வண்டியில் கிளம்பினான். நடந்ததைக் கந்தப்பன்தான் பிறகு சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். புஷ்பா தியேட்டர் பக்கம் வேனை நிறுத்தி, "ஏனுங்க தம்பி, வெயில் ஏறுன பொறவு எந்த ஊட்டுக்குங்க பாலு?" என்று இவரே கேட்டிருக்கிறார். கதவைத் திறந்தால் பால் கேனும் இல்லை, ஒன்றும் இல்லை, மடியில் லேப்டாப்போடு முதலாளி மருமகன். போராட்டப் பந்தலில் உட்கார வைத்து, கூட்டம் கலைகிற வரைக்கும் அனுப்பவில்லை. "நல்ல பையனுங்க. எலுமிச்சஞ்சோறு ரெண்டு பொட்டலம் சாப்ட்டாரு" என்றார் கந்தப்பன்.

அடுத்த நாள் இன்ஸ்பெக்ஷன் நடந்தது. ஒரு குறையும் இல்லை. சரக்கு சொன்ன நாளில் கப்பல் ஏறியது. அதன் பிறகு ஒரு நாள் முதலாளி அக்காவை அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வந்ததும் அக்கா எங்களிடம் அப்படியே ஒப்பித்தார்: "நல்ல மனசுதானுங்க உங்களுக்கு. ஆனா மேனேஜர்னா கம்பெனி பக்கம் நிக்கோணுமில்லீங்க அம்மிணி. அன்னிக்கு நித்தீஷ் ஒருத்தன்தானுங்களே ஆபீசுக்குக் கெளம்புனான்."

ஆபீஸ் வராமலேயே எலுமிச்சஞ்சோறு தின்றுவிட்டுத் திரும்பியவனுக்கு மேனேஜர் சீட்டு! என் வயிறு எரிந்தது. அக்கா அழுதார். பாத்ரூமில் ஒளிந்துகொண்டு அழவில்லை, எல்லாரும் பார்க்க மேஜையில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். கிருத்திகா டீ கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போனாப் போகுது போங்க. இந்தப் புள்ளைய அந்த வண்டில ஏத்திவிட்டுட்டு அந்தச் சீட்டுல உக்காந்தா எனக்கு மத்தியானத் தூக்கம் வருமாக்கும்?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இந்த அம்மாள் முன்னால் நானெல்லாம் ஒரு ஆளா என்று இருந்தது.

சில மாதம் கழித்துப் பேச்சுவார்த்தை மறுபடியும் முறிந்தது. மறுபடியும் மறியல் என்றார்கள். முந்தின நாள் டீ நேரத்தில் நித்தீஷ் மேனேஜர் அறையிலிருந்து எழுந்து வந்து அக்கா மேஜைக்குப் பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றான்.

"அக்கா, நாளைக்கு ஆபீஸ் வெக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

நாங்கள் எல்லாரும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை அக்கா கேட்கப் போகிறார் என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

"வேண்டாங்க தம்பி. பஸ்ஸு ஓடாது, புள்ளைக வந்து சேர முடியாது" என்றார் அக்கா, ஸ்க்ரீனைப் பார்த்தபடியே.

"அப்ப நீங்களே குரூப்புல போட்டுருங்களேன்."

அப்போதுதான் அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார். "நான் போட்டா அது குத்தமுங்க. நீங்க போட்டா அது உத்தரவு. போடுங்க சாமி."

குத்தலே இல்லாமல்தான் சொன்னார். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. நின்ற இடத்திலேயே போனை எடுத்து அடித்தான்: "நாளை ஆபீஸ் விடுமுறை. நித்தீஷ், மேனேஜர்."

எல்லார் போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. முதல் பதில் கிருத்திகாவிடமிருந்து வந்தது.

"சரிங்க ஜெயசுதாக்கா."

அதன் கீழே இன்னொரு "சரிங்க அக்கா". அதன் கீழே இன்னொன்று. அக்காவுக்கு எதுவும் தெரியாது, அவர் போன் கைப்பையில் கிடந்தது. நித்தீஷ் தன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் போட்டேன்: "சரிக்கா."