பூட்டிய பிரசவ விடுதியும் ஒரு மானியக் கோரிக்கையும்

திருத்தணியில் நிருபராக இருந்தால் கிருத்திகைக் கூட்டத்தைக்கூடக் கணக்குச் சொல்லிவிடலாம். பட்ஜெட்டில் நம்ம ஊருக்கு என்ன என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். டீக்கடையில் பேப்பரும் கையுமாக மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊர்ப் பெயர் இல்லாத புத்தகம்

எழுபதுகளில் ஒரு மார்ச் மாதம். அம்மையார்குப்பத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து முனிரத்தினம் என்ற நெசவாளர் என்னைத் தேடி வந்தார். அவர் ஊரில் பிரசவ விடுதி கட்டி, வெள்ளையடித்து, மருத்துவச்சி இல்லாமல் ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. போன தடவை அவர் மகள், திருத்தணிக்கு வரும் வழியில், மாட்டு வண்டியிலேயே குழந்தையைப் பறிகொடுத்தாள். இப்போது மறுபடியும் மூன்று மாதம்.

பட்ஜெட்டில் ஊர்ப் பெயரெல்லாம் இருக்காது, செலவுக்குச் சட்டசபையிடம் பணம் கேட்கத் துறைக்கு ஒரு மானியக் கோரிக்கை, அதற்குள் தலைப்பு, அதற்குள் துணைத்தலைப்பு என்று பணம் பிரிந்து போகும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆங், புரியுதுங்க. இம்மாம் பெரிய பொஸ்தகத்துல எம் பொண்ணுக்கு எடம் இல்லன்றீங்க."

ஒரு வருஷ மனு

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மாதம் தவறாமல் மனு கொடுத்திருந்தார்கள், கட்டடம் கட்டிய இன்ஜினீயர் ஆபீசுக்கு. நானும் முனிரத்தினத்தோடு அங்கே போனேன்; அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கட்டடம் திட்டச் செலவு, அது முடிந்துவிட்டது. மருத்துவச்சி சம்பளம் வருஷா வருஷம் வரும் திட்டம் சாராச் செலவு; அது சுகாதாரத் துறையின் கோரிக்கையில் வர வேண்டும். அந்தத் துறையிடம் யாரும் கேட்கவே இல்லை.

தலைமை குமாஸ்தா மனுக்கட்டை எடுத்து முனிரத்தினத்திடமே கொடுத்தார்.

"இன்னா நைனா, ஒரு வருசமா கொத்தனார்கிட்ட வந்து பிரசவம் பாக்கச் சொல்லிகினு இருக்கீங்க!"

ஆவணி மாதம்

அன்றே சுகாதாரத் துறைக்கு மனு எழுதினோம். நான் அனுப்பிய செய்தி நாலு வரியாகச் சுருங்கி வெளிவந்தது. "பட்ஜெட்தான் முடிஞ்சிபோச்சேங்க" என்று முனிரத்தினம் தவித்தார். விட்டுப்போன செலவுகளுக்கு வருஷ நடுவில் சட்டசபையில் துணை மானியக் கோரிக்கை வைப்பார்கள் என்று தைரியம் சொன்னேன். எனக்கே பாதி நம்பிக்கைதான்.

ஆவணியில் அது வந்தது. புதிதாக அனுமதித்த மருத்துவச்சி வேலைகளில் ஒன்று அந்த ஊருக்கு. தகரப் பெட்டியோடு பஸ்ஸில் இறங்கிய அம்மாள் விடுதியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு கட்டில்கூட இல்லை. முகம் சுளிக்காமல் பாய் கொண்டுவரச் சொன்னார். புரட்டாசியில், அந்தப் பாயில், முனிரத்தினம் மகளுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

மறுவாரம் கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்த முனிரத்தினம், உட்காருவதற்கு முன்பே கேட்டார்:

"கட்டிலு எந்தத் தலைப்புல வருதுங்க? இப்பவே எழுதிப் போட்டுடலாம்."

எந்த ஆபீசில் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதி பட்ஜெட் புரிந்த மாதிரி; மீதிப் பாதியைப் புரிந்துகொண்டவரை நான் இன்னும் பேட்டி எடுக்கவில்லை.