கூடத்துக் கேமராவின் புதிய முகவரி

எங்கள் வட்டாரத்தில் இணைய முகவரி முறையை மாற்றியபோது பெரும்பாலான வீடுகளில் யாரும் எதையும் உணரவில்லை. தொலைக்காட்சி ஓடியது, கைப்பேசியில் படங்கள் வந்தன. எங்கள் வீட்டில் மட்டும் கூடத்துக் கேமரா கெட்டுப்போனதாகப் பேச்சு. உண்மையில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகளால் அங்கிருந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பக்கவாதத்துக்குப் பிறகு என் மனைவிக்கு இடது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. மகள் விடியும் முன் எல்லைப் பாலம் தாண்டிப் போவாள், இருட்டிய பிறகு தம்போயிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்புவாள். இடையில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் கூடத்தில் கட்டிலுக்கு எதிரே கேமராவை மாட்டியிருந்தாள்.

"டிக்கெட் இல்லாம படம் பாக்குறா உங்க மக," என்பாள் மனைவி.

லைன் பார்க்க வந்தவர் நாற்பது வயதுக்காரர், தமிழர். ரவுட்டர் முன்னால் குந்தியபடி விளக்கினார்.

"அங்கிள், முன்னாடி உங்க வீட்டுக்குன்னு ஒரு நம்பர் இருந்துச்சு. இப்ப பழைய நம்பரெல்லாம் பத்தல. ஒரே நம்பரை நெறைய வீட்டுக்குப் பிரிச்சு விட்டுட்டாங்க. அதை வச்சு வெளியில இருந்து உங்க கேமராவைத் தேடி வர முடியாது லா."

"அப்புறம்?"

"புது முறையில கேமராவுக்கே தனியா ஒரு நம்பர் இருக்கு. ஆனா ரவுட்டர் வெளியாள உள்ள விடாது. ரவுட்டரோட இந்த செட்டிங் பக்கத்துக்குப் போயி கேமராவுக்கு மட்டும் தொறந்து விடணும். பாஸ்வர்ட மாத்திட்டுத் தொறங்க. மக வந்தா காட்டுங்க, அவங்களுக்குப் புரியும்."

நான் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவர் சொன்னது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவர் போன பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தும் பார்த்தேன். சிறிய வேலை. செய்யவில்லை.

"எல்லாத்தையும் மாத்திட்டாங்கம்மா. இனிமே நம்ம கேமரா வெளியில இருந்து தெரியாதாம்," என்று மகளிடம் சொன்னேன்.

"அலமாக், அதெப்படிப்பா? நான் விசாரிச்சுப் பாக்குறேன்," என்றாள். விசாரிக்க அவளுக்கு நேரம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும்.

கேமரா தெரிந்தவரை நான் கூடத்தை விட்டு நகர்ந்தால் போதும், அழைப்பு வந்துவிடும். "அப்பா, எங்க போயிட்டீங்க? அம்மா தனியா இருக்காங்க." அவள் கேட்டதில் தவறில்லை. எனக்குத் தெருமுனை மாமாக் உணவுக்கடையில் ஒரு தே தாரேக் தேநீரும், யாரையும் தூக்கி உட்கார வைக்காத கொஞ்ச நேரமும் வேண்டியிருந்தன. கேமரா தெரியாமல் போன பிறகு, முதலில் மனைவி தூங்கும் நேரம் பார்த்துப் போனேன். பிறகு விழித்திருக்கும்போதும் போனேன்.

"போயிட்டு வாங்க. நான் எங்க ஓடிடப் போறேன்," என்றாள் அவள்.

ஒருநாள் மாலை திரும்பியபோது கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே தரையில் கிடந்தாள். மேசையிலிருந்த தண்ணீரை எட்ட முயன்றிருக்கிறாள். எப்போது விழுந்தாய் என்று கேட்டேன். "பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாங்கள்ல, அதுக்கு முன்னாடியே," என்றாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மருத்துவமனையில் மகள் கேட்டாள்: "நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

நான் மறுக்கவில்லை.

"அந்தக் கேமரா மட்டும் தெரிஞ்சிருந்தா உடனே பாத்திருப்பேன்," என்று மகள் அழுதாள்.

மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பாஸ்வர்டை மாற்றி, கேமராவுக்கு வழி திறந்து, புதிய முகவரியை மகளின் கைப்பேசிக்கு அனுப்பினேன். மறுநாள் வேலையிடத்திலிருந்து அழைத்தாள்.

"அப்பா, தெரியுது! யாரு வந்து செஞ்சா?"

"நான்தான்."

"நீங்களா? எப்ப கத்துக்கிட்டீங்க?"

பொய் சொல்ல அப்போதும் இடமிருந்தது. "லைன் பாக்க ஆள் வந்த அன்னிக்கே தெரியும்மா. வேணும்னுதான் விட்டுட்டேன். அம்மா விழுந்தப்ப நான் கடையில இருந்தேன்."

அவளுக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கேமராவைக் கொஞ்சம் வாசப்பக்கம் திருப்பி வைங்கப்பா," என்றாள்.

திருப்பினேன். இப்போது கட்டிலும் தெரிகிறது, வாசலும் தெரிகிறது. மனைவி இனி எழுந்து நிற்க மாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சரியாகத் தெரிகிறதா என்று நான் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளி நில்லுங்க," என்றாள் கட்டிலிலிருந்து. "அவ பாக்க வந்தது என்னைத்தான்."